பழைய காரில் தீயணைப்பான்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது

பழைய கார் தீப்பிடிப்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில்தான். எரியத் தொடங்குவதும் பெரும்பாலும் பெட்ரோல்தான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது கார்ப்பரேட்டர். அதன் மிதவை அறைக்குள் பெட்ரோல் மட்டம் ஏறியதும் ஓர் ஊசி வால்வு வழியை அடைக்க வேண்டும். டேங்கிலிருந்து வந்த துருத் துகள் ஒன்று அந்த ஊசியின் முனையில் உட்கார்ந்துவிட்டால் வால்வு மூடாது. பம்ப் அனுப்பிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் ‘ஓவர்ஃப்ளோ’ என்று சாதாரணமாகச் சொல்லும் கோளாறு இது. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. இன்ஜினில் கார்ப்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே வழிவது கீழே, கொதிக்கும் இரும்பின் பக்கம்தான் போகும்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலே கலைந்து போகாமல் இன்ஜினுக்கு அடியில் தேங்கி நிற்கும். டைனமோவின் பிரஷ், டிஸ்ட்ரிபியூட்டர், தளர்ந்த பேட்டரி டெர்மினல் எதிலிருந்தும் ஒரு பொறி வரலாம். ஸ்டார்ட் ஆகாத வண்டியின் கார்ப்பரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பும் பழக்கம் இன்னும் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. ஒரு பேக்ஃபயர் போதும், பாட்டில் பிடித்த கையும் சேர்ந்து எரியும்.

ஓடாமல் நிற்பதே இந்தக் கார்களின் பெரிய நோய். 50 ஆண்டு கடந்த வாகனங்களை வின்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்போது ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடிக்கிறது, டேங்க் துருப்பிடிக்கிறது. 2023-இல் அறிமுகமாகி இன்று வழக்கமாகிவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்து நெகிழ்த்துகிறது. ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. வயரிங் கதை தனி. 1950, 60-களின் பல பிரிட்டிஷ் கார்களில் முழு வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ்தான். ஹெட்லைட் வயருக்கு அதுவும் கிடையாது. ஆகவே தீயணைப்பான் வாங்கும் முன்பே எத்தனால் தாங்கும் புது ஹோஸ், நல்ல கிளிப், பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஆகிய மூன்றையும் போட்டுவிடுவது நல்லது. இவற்றுக்கான செலவு பெரிதல்ல, பலனோ பெரிது.

தீயணைப்பான் மேல் உள்ள எழுத்துகள் எரியும் பொருளைக் குறிப்பவை. இந்திய, ஐரோப்பிய முறையில் ஏ என்றால் துணி, மரம், சீட் ஸ்பாஞ்சு போன்ற திடப்பொருள். பி என்றால் பெட்ரோல், ஆயில் போன்ற திரவம். சி என்றால் வாயு. டி என்றால் மெக்னீசியம் போன்ற உலோகம். அமெரிக்க லேபிளில் சி என்பது மின்சாரத் தீ. இறக்குமதிச் சரக்கு வாங்குவோர் இதில் குழம்புவதுண்டு. காருக்கு முதன்மையாக வேண்டியது பி. சீட்டும் கார்ப்பெட்டும் இருப்பதால் ஏ-யும் இருந்தால் நல்லது.

எந்த மருந்து அடைத்தது என்பதில்தான் பழைய கார்க்காரர்களுக்கு உண்மையான தலைவலி. எதை அடித்தாலும் தீ அணையலாம், ஆனால் மிச்சம் இருக்கும் காரின் நிலை மருந்துக்கு மருந்து வேறுபடும்.

கடையில் மிக எளிதாகக் கிடைப்பது ஏ.பி.சி. தூள். இதன் சாரம் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சுமார் 190 டிகிரியில் உருகி, எரியும் பரப்பின் மேல் கண்ணாடிபோலப் படிந்து காற்றை அடைக்கிறது. விலை குறைவு, வேகம் அதிகம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோல் தீயில் இதோடு போட்டி போடக்கூடியவை மிகக் குறைவு. குறை, அணைத்த பிறகு தெரியும். மாவுபோல நுண்ணிய தூள் டேஷ்போர்டு மீட்டர்களுக்குள், வயர் கனெக்டருக்குள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் எல்லாம் புகுந்துவிடும். ஈரம் பட்டால் அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். கார்ப்பரேட்டர் உடல் அலுமினியக் கலவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடித்துவிட்டால் தூள் சிலிண்டருக்குள்ளும் போகும்.

சோடியம் அல்லது பொட்டாசியம் பைகார்பனேட் அடைத்த பி.சி. தூள் இவ்வளவு கொடுமை செய்யாது. பெட்ரோல் தீயை நன்றாக அணைக்கும், கழுவுவதும் எளிது. பொட்டாசியம் வகை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. ஆனால் பி.சி. தூள் சீட் தீயில் மேலோட்டமான சுவாலையை மட்டும் அடக்கும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஸ்பாஞ்சு சற்று நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

கார்பன் டை ஆக்சைடு கறையே வைக்காது. அதனால் பலருக்கு அதன் மேல் ஆசை. ஆனால் கார் அதற்கு உரிய இடம் அல்ல. 20 டிகிரியில் உருளைக்குள் அழுத்தம் 57 பார். 31 டிகிரிக்கு மேல் அந்த வாயு திரவமாகவே நிற்காது, அழுத்தம் கடகடவென ஏறும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரி சாதாரணம். அத்தனை அழுத்தம் தாங்க உருளை தடித்த உலோகத்தால் ஆனது. 2 கிலோ வாயுவுக்கு மொத்தம் ஐந்து கிலோவுக்கு மேல் எடை வரும். இவ்வளவும் சுமந்து போய் வெட்ட வெளியில் அடித்தால் காற்று வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய காருக்குள் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும்.

நுரை வகைகள் திரவத் தீயின் மேல் ஒரு படலமாகப் பரவி ஆவியை அமுக்குகின்றன, கூடவே இரும்பையும் குளிர்விக்கின்றன. குளிர்விப்பது பெரிய லாபம், தீ மறுபடி பற்றாது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆல்கஹால் தாங்கும் நுரையாகப் பார்த்து வாங்க வேண்டும், ஆல்கஹால் சாதாரண நுரையை உடைத்துவிடும். நுரையில் கலந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மட்காமல் தங்குவதால் பல நாடுகள் இவற்றைக் கட்டுப்படுத்தி வருகின்றன.

காரின் நலனை மட்டும் பார்த்தால் முதலிடம் ‘கிளீன் ஏஜென்ட்’ எனப்படும் வகைக்கு. இதன் மூதாதை ஹாலான் 1211. தூள் இல்லை, ஈரம் இல்லை, அரிப்பு இல்லை, மின்சாரமும் பாயாது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஹாலான் தயாரிப்பு வளர்ந்த நாடுகளில் 1994-லும், வளரும் நாடுகளில் 2010-லும் முடிவுக்கு வந்தது. அதன் இடத்துக்கு வந்தவை எச்.சி.எஃப்.சி. 123, எச்.எஃப்.சி. 236எஃப்.ஏ., எஃப்.கே. 5-1-12 போன்றவை. கடைசியாகச் சொன்னது அறை வெப்பத்தில் தண்ணீர்போல் திரவமாக இருந்து 49 டிகிரியில் ஆவியாவது, புவி வெப்பத்தைக் கூட்டும் தன்மையும் மிகக் குறைவு. விலை, தூளைப்போலப் பல மடங்கு. குறையும் உண்டு. காற்றில் கலையும், இரும்பைக் குளிர்விக்காது, ஒரே எடைத் தூளைவிடச் சிறிய தீயைத்தான் அணைக்கும். மூடிய பானெட்டுக்குள் அடிக்கும்போது இந்தக் குறைகள் அவ்வளவாக உறைப்பதில்லை.

சமீப காலமாக அழுத்தமே இல்லாத குச்சி வடிவத் தீயணைப்பான்களும் வருகின்றன. முனையை உரசினால் பொட்டாசியம் சேர்மங்கள் புகையாகக் கிளம்பி 50 அல்லது 100 நொடி வரை நீடிக்கும். கைக்கு அடக்கம், பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. பானெட் இடுக்கில் நன்றாகவே வேலை செய்யும். காற்றடிக்கும் திறந்த இடத்தில் அவ்வளவு நம்ப முடியாது. இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ள ஏற்றது.

1910-களிலிருந்து கார்களில் வந்த பைரீன் போன்ற பித்தளைக் கைப்பம்ப் தீயணைப்பான்கள் தனி ரகம். மெருகேற்றிப் பொருத்தினால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காருக்குக் கொள்ளை அழகு. அதற்குள் அடைத்தது கார்பன் டெட்ராகுளோரைடு. ஈரலைக் கெடுக்கும் திரவம், சூட்டில் பட்டால் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாயுவையும் தரும். பழைய பொருள் கடையில் வாங்கியதற்குள் அந்தத் திரவம் இன்னும் குலுங்கலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அதை அகற்றிய பின் அலங்காரத்துக்கு மட்டும் வைக்கலாம்.

ஆக, பணம் இடம் கொடுத்தால் 2 கிலோ கிளீன் ஏஜென்ட். இல்லாவிட்டால் 2 கிலோ தூள், யோசிக்கவே வேண்டாம். தூள் படிந்த காரைச் சுத்தம் செய்யலாம், எரிந்து முடிந்த காரை எடைக்குத்தான் போட வேண்டும். கறைக்குப் பயந்து கைக்கடக்கமான அரைக்கிலோ ஸ்பிரே டப்பாவோடு திருப்திப்படுவது வீண். அத்தகைய டப்பாக்கள் பலவற்றில் 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டே இருக்கிறது.

அளவு ஏன் முக்கியம் என்பதை நொடியில் கணக்குப் பார்த்தால் புரியும். 1 கிலோ தூள் ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். 2 கிலோவும் பத்துப் பன்னிரண்டு நொடிதான், ஆனால் அதற்குள் இரு மடங்கு மருந்து போய்ச் சேரும். லேபிளில் 21பி, 34பி, 70பி என்று காணப்படும் எண், சோதனைத் தட்டில் எரித்த திரவத்தின் லிட்டர் அளவு, அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். கார்ப்பரேட்டரைச் சுற்றி 21 லிட்டர் எரியப் போவதில்லை என்பது சரிதான். ஆனால் சோதனையில் அணைப்பவர் பயிற்சி பெற்றவர், தட்டும் கண்முன் திறந்து கிடக்கிறது. பதறிய கையோடு கிரில் இடுக்கு வழியே அடிப்பவருக்குப் பாதி மருந்து வெளியேதான் போகும்.

வாங்கும்போது ஐ.எஸ். 15683 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தயாரித்த தேதி, அழுத்த மீட்டர், தாங்கும் வெப்ப வரம்பு ஆகியவையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வால்வு பிளாஸ்டிக்காக இருந்தால் தள்ளிவிட்டு உலோக வால்வு கேட்பது நல்லது. மறுநிரப்பும் வசதி உள்ளதாக இருந்தால் பல ஆண்டு உழைக்கும்.

அடுத்தது பொருத்துவது. நல்ல தீயணைப்பான் வாங்கியவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். டிக்கி, பார்க்க வசதியான இடம். ஆனால் அங்கே போக இறங்க வேண்டும், சுற்றி வர வேண்டும், சாவி தேட வேண்டும், ஸ்டெப்னியை நகர்த்த வேண்டும். பல கார்களில் பெட்ரோல் டேங்க் இருப்பதும் அந்தப் பக்கம்தான். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி கைக்கு எட்ட வேண்டும். இறங்கிய பின் திறந்த கதவு வழியாக வெளியிலிருந்தும் எட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவருவது முன் சீட்டின் முன் விளிம்பை ஒட்டிய தரை, அதிலும் பக்கத்து சீட்டின் முன்னால்.

அங்கே உருளையைக் குறுக்குவாட்டில் படுக்க வைப்பது சிறந்தது. பிரேக் அடிக்கும்போது அதன் கனம் முன்னோக்கித்தான் தள்ளும். நெடுவாட்டில் வைத்த உருளை பட்டையிலிருந்து நழுவி முன்னே பாயலாம். கைப்பிடி டிரைவர் பக்கம் பார்க்க, பூட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். பாதுகாப்புப் பின்னில் காலணி மாட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டிரைவரின் கால் பக்கம் எதையும் வைக்கவே கூடாது. கழன்று உருளும் உருளை பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டால் தீயைவிடப் பெரிய ஆபத்து. அம்பாசடரின் பெஞ்ச் சீட் முன்னும் பின்னும் நகரும் என்பதால் சீட்டை முழுக்க முன்னே இழுத்துவைத்து இடத்தை அளந்துகொள்ள வேண்டும்.

தீயணைப்பானோடு வரும் பிளாஸ்டிக் பிராக்கெட் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. காருக்கு உலோகப் பிராக்கெட், உலோகப் பட்டை, ஒரே இழுப்பில் திறக்கும் பூட்டு தேவை. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் விதியில் குறைந்தது இரண்டு உலோகப் பட்டைகளைக் கேட்கிறது. புவி ஈர்ப்பைப்போல 25 மடங்கு வேகத்தணிப்பைப் பிராக்கெட் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2 கிலோ தூள் உருளையின் மொத்த எடை மூன்றரைக் கிலோ என்றால், அந்தக் கணத்தில் பிராக்கெட்டை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 90 கிலோ. சாதா தகரத் திருகாணி இதற்கு நிற்காது. தரைத் தகடு வழியே போல்ட் விட்டு, அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடோ பெரிய வாஷரோ வைத்து, நைலான் வளையம் உள்ள நட்டால் முடுக்க வேண்டும்.

துளை போடும் முன் இரண்டு வேலை உண்டு. முதலாவது, கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார்ப்பது. 50 வயது அம்பாசடரில் ரப்பர் பாய்க்கு அடியில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் சல்லடை இருக்கலாம். அதற்கு வெல்டிங் முதல், பிராக்கெட் பிறகு. இரண்டாவது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது. பெட்ரோல் பைப், பிரேக் பைப், வயரிங் எல்லாம் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. தீயணைப்பான் மாட்டப் போய் டிரில் முனையால் பெட்ரோல் பைப்பைத் துளைத்தவர்கள் இல்லாமல் இல்லை. துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்புப் பெயின்ட், போல்ட்டைச் சுற்றி சீலன்ட். உருளைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வைத்தால் கடகடச் சத்தம் வராது, பெயின்ட்டும் தேயாது.

ஒரிஜினல் தகட்டில் துளை போட மனம் வராதவர்கள் சீட் போல்ட்டுகளையே பயன்படுத்தலாம். சீட் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் முன் போல்ட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புப் பட்டையைப் பாலம்போட்டு அதில் பிராக்கெட்டைப் பொருத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். காரை விற்கும்போது கழற்றிவிட்டால் தடமே தெரியாது. போருக்கு முந்தைய திறந்த கார்களில் ஃபுட்போர்டில் மாட்டும் பழக்கமும் இருக்கிறது. காலத்துக்குப் பொருந்தும், எட்டுவதும் எளிது. வெயில், புழுதி, திருட்டு மூன்றையும் சமாளிக்க வேண்டும்.

பந்தயத்துக்குப் போகும் கார்களில் குழாய் வைத்த நிலையான அமைப்பு உண்டு. உருளை ஓரிடத்திலும், நாசில்கள் இன்ஜின் மேலும் டிரைவர் பக்கத்திலும் இருக்கும். டிரைவரும் இழுக்கலாம், வெளியே நிற்பவரும் இழுக்கலாம். வெளிப்பிடியைக் காட்டும் அடையாளம் வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து. சூட்டில் உருகும் பிளாஸ்டிக் குழாயால் தானாகத் திறக்கும் வகையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

பானெட் இடுக்கில் புகை தெரிந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்க வேண்டும். இன்ஜினை நிறுத்துவது முதல் வேலை, பெட்ரோல் பம்பும் விசிறியும் அதோடு நிற்கும். பேட்டரி ஸ்விட்ச் இருந்தால் அதையும் துண்டித்துவிட்டு, உருளையைக் கையில் எடுத்த பிறகே பானெட்டைத் தொட வேண்டும். முழுக்கத் தூக்கினால் காற்று பாய்ந்து முகத்துக்கு நேரே தீ எழும். முதல் கொக்கி வரை மட்டும் விடுவித்து, அந்த விரல் அகல இடைவெளியில் நாசிலைக் காட்டி அடிக்க வேண்டும். கிரில் வழியாகவோ சக்கர வளைவுக்கு அடியிலிருந்தோ அடிப்பதும் பலன் தரும். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்குப் பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாயும் ஹெரால்டில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் அவசியம். அதைத் தூக்கினால் இன்ஜின் நாலாபக்கமும் திறந்துவிடும். தீ அடங்கிய பிறகும் சில நிமிடம் திறக்காமல் இருக்க வேண்டும். மேனிஃபோல்டின் சூட்டில் மிச்ச ஆவி மறுபடி பிடிக்கும், அப்போது உருளை காலியாக இருக்கும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இன்ஜின் பின்னால், டேங்க் முன்னால். நடுவே ஓடும் பைப்பின் இன்ஜின் பக்க முனையில் துணி சுற்றிய குட்டை ஹோஸ் துண்டு இருக்கிறது. அது வெடித்துக் கசிவதே இந்தக் கார்களின் பேர்போன தீக்காரணம். இன்ஜின் உடல் மெக்னீசியக் கலவை. பெட்ரோல் எரியும் முதல் நிமிடத்தில் அணைத்தால் உண்டு. மெக்னீசியமே பற்றி வெள்ளை ஒளி வீசத் தொடங்கிவிட்டால் கையில் உள்ள தூளோ வாயுவோ எதுவும் செய்யாது, தண்ணீர் நிலைமையை மோசமாக்கும். விலகிப் போவதுதான் வழி. மற்றக் கார்களிலும் ஓர் உருளை தீர்ந்த பிறகு தீ இருந்தால் அதே வழிதான். 101 அல்லது 112-க்கு அழைத்துவிட்டு, காற்று வரும் திசையில் தள்ளி நிற்க வேண்டும். தீ சீட்டுக்கு வந்துவிட்டால் அதன் ஸ்பாஞ்சுப் புகையே ஆளை வீழ்த்தும் விஷம்.

தூள் அடித்த காரை அன்றைக்கே சுத்தம் செய்வது நல்லது. முதலில் உலர்ந்த நிலையிலேயே வாக்குவம், பிரஷ் கொண்டு எடுக்க வேண்டும். அதற்கு முன் தண்ணீர் ஊற்றினால் பசையாகிவிடும். ஏ.பி.சி. தூளின் மிச்சம் அமிலம், ஆகவே சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கலாம். பி.சி. தூளின் மிச்சம் காரம், அதற்கு நீர்த்த வினிகர். ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ ஆகியவற்றைக் கழற்றிப் பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பக் கூடாது.

பராமரிப்பு பெரிய வேலை அல்ல. மாதம் ஒருமுறை மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, பூட்டு இறுகிப் போயிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தூள் வகையை அப்போது பிராக்கெட்டிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டலாம். ஓடும் காரின் அதிர்வில் தூள் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். அழுத்தம் மட்டும் வெளியேறித் தூள் உள்ளேயே தங்கிவிடும். மீட்டரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிரப்பிய அல்லது கடைசியாகச் சோதித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மறுசோதனை வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ. விதி. பராமரிப்பு, அழுத்தச் சோதனை ஆகியவற்றுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2190. சோதித்துப் பார்க்கிறேன் என்று தூள் உருளையை ஒரு நொடிகூட அழுத்திப் பார்க்கக் கூடாது. வால்வின் ரப்பரில் துகள் சிக்கி, ஓரிரு நாளில் அழுத்தம் முழுவதும் கசிந்துவிடும். கொஞ்சமே அடித்திருந்தாலும் உருளையை மறுநிரப்பக் கொடுத்து வாங்கிய பிறகே பிராக்கெட்டில் மாட்ட வேண்டும்.